ஓடிபி எந்த ஊருக்கு வருகிறது?

“இப்போது எல்லாமே ஆன்லைன். துபாயில் இருந்தால் என்ன, திண்டுக்கல்லில் இருந்தால் என்ன?” வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்கிறவர்களின் அன்றாட வேலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து விழுகிறது. வங்கி அதிகாரி கேட்கிறார், டிராவல் ஏஜென்ட் கேட்கிறார், விடுமுறை முடிந்து கிளம்பும் ஆளே விமான நிலைய வாசலில் நின்று கேட்கிறார். அதற்கு ஒரு வாலும் உண்டு. அப்படியும் ஒருவர் அலைகிறார் என்றால் அது அவருடைய கவனக்குறைவு. பாஸ்போர்ட், பான், வங்கிக் காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு, எது எப்போது காலாவதியாகிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் ஒரு சிக்கலும் வராது. பத்திரிகைகளின் நிதி ஆலோசனைப் பக்கங்கள் இதையே வருடா வருடம் பட்டியலாக அச்சிடுகின்றன. இந்தக் கருத்தில் பாதி உண்மை இருப்பதுதான் இதை மறுப்பதில் உள்ள சங்கடம். வில்லங்கச் சான்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. பட்டாவைக் கணினியில் பார்க்கலாம், வரிக் கணக்கைத் தாக்கல் செய்யலாம், வீட்டு மின்கட்டணத்தை மஸ்கட்டில் உட்கார்ந்தபடி கட்டலாம். இவற்றையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது, இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவை.

அந்த முடிவு, தூரம் ஒழிந்துவிட்டது என்பது. தூரம் ஒழியவில்லை, வேறு இடத்தில் குடியேறியிருக்கிறது. முன்பு அது அலுவலக வரிசையில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, திட்டுவதற்கும் வசதியாக இருந்தது. இப்போது செல்பேசி எண்ணுக்குள்ளும், முகவரிக் கட்டத்துக்குள்ளும், பெயர் எழுதும் கட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றுமே ஓர் ஊரை விட்டு நகராத மனிதரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவில் பத்து இலக்க எண் ஒன்று, மாறாத முகவரி ஒன்று, எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்ட பெயர் ஒன்று. இந்த மூன்றும் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஆன்லைன் உண்மையிலேயே வரம். கடல் கடந்து பதினைந்து வருடம் வாழும் ஒருவரிடம் இவற்றில் ஒன்றாவது நழுவியிருக்கும். அந்த நழுவலை அவருடைய அலட்சியமாகப் பார்ப்பதுதான் நடப்பில் உள்ள கருத்தின் அடிப்படைத் தவறு.

செல்பேசி எண்ணிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் இன்று ஒருவர் யார் என்பதற்குக் கடைசிச் சாட்சி அவருடைய முகமோ கையெழுத்தோ அல்ல, சிம் கார்டு. வங்கி, ஆதார், வருமான வரித் தளம், சேமநல நிதி என்று எதைத் திறந்தாலும் ஓடிபி என்ற ஆறு இலக்க எண் ஒன்று ஓர் இந்திய எண்ணுக்குப் போகிறது. ப்ரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்படலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. துண்டிக்கப்பட்ட எண் மேலும் தொண்ணூறு நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். ஆக, ஆறு மாதத்தில் உங்கள் அடையாளத்தின் சாவி முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப் பையில் இருக்கக்கூடும். ஆதாரோ வெளிநாட்டு எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. “இரட்டைச் சிம் போன் வாங்கி, ரோமிங்கைப் போட்டு வைத்தால் போயிற்று, உள்வரும் குறுஞ்செய்திக்குக் காசுகூடக் கிடையாது” என்பார்கள். சரியான யோசனைதான், பலரும் செய்வதும் அதைத்தான். ஆனால் அது எதை ஒப்புக்கொள்கிறது என்று பாருங்கள்: ஒருவர் தன் சொந்தக் கணக்குக்குள் நுழைய, தான் வாழாத நாட்டில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு ஆயுள் முழுக்க வாடகை கட்ட வேண்டும். ரீசார்ஜ் தவறினால், போன் தொலைந்தால், அவர் வாழும் நாட்டில் உள்ள கூட்டு நெட்வொர்க் ஒரு நாள் கைவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். மாற்றுச் சிம் வாங்கவோ ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். எல்லாம் ஆன்லைன் என்ற கட்டடத்தின் அஸ்திவாரக் கல் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஒரு சிம் கடையில் இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரைக் காணொளி வழியாகவே அடையாளம் காண வங்கிகளை அனுமதித்தது. தூரத்தில் இருப்பவருக்கென்றே கண்டுபிடித்தது போன்ற வசதி. ஆனால் அந்த விதியிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: காணொளியில் பேசும் வாடிக்கையாளர் அந்த நேரத்தில் இந்தியாவுக்குள் இருக்கிறார் என்பதை இருப்பிடக் குறியீட்டைக் கொண்டு வங்கி உறுதிசெய்ய வேண்டும். அடுத்த ஆண்டு விதியைத் திருத்தியபோது, வெளிநாட்டு ஐபி முகவரிகளிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் திறன் அந்த அமைப்புக்கு இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். வங்கிக் கிளைக்குத் தெருமுனையில் குடியிருப்பவர் வீட்டில் சாய்ந்துகொண்டு காணொளியில் தன்னை நிரூபிக்கலாம். குவைத்தில் இருப்பவர் முடியாது. தொழில்நுட்பம் தூரத்தைக் கடக்க வல்லது, விதி அதைக் கடக்க விடவில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். வெளிநாட்டில் இருப்பவரின் சிக்கல் அவர் மேசை இழுப்பறையில் இல்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் இத்தனை லட்சம் பேரின் வேலைகள் எப்படித்தான் நடக்கின்றன? வீட்டில் இருப்பவர்கள் நடத்துகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய எண் பெரும்பாலும் அம்மாவின் பழைய போனிலோ தம்பியின் இரண்டாவது சிம்மிலோதான் உயிரோடு இருக்கிறது. ஊரில் ஓடிபி வரும், அங்கிருந்து வாட்ஸப்பில் வெளிநாட்டுக்குப் போகும். “ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள், வங்கி ஊழியரிடம்கூடச் சொல்லாதீர்கள்” என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் அச்சடித்திருக்கும் அந்த முதல் விதியை மீறினால்தான் அமைப்பு வேலை செய்கிறது. தினமும் மீறப்படும் ஒரு விதியின் மேல் ஒரு நாட்டின் பணப் பாதுகாப்பை நிறுத்தியிருக்கிறோம். ஆன்லைன் வந்தபோது இடைத்தரகர் ஒழிந்தார் என்று கொண்டாடினோம். வீட்டுக்குள் ஒரு புது இடைத்தரகர் உருவானதைப் பார்க்கவில்லை. அவருக்குக் கூலி இல்லை, பெயர் இல்லை. எழுபது வயதுத் தாய் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு இலக்கத்தை வாசித்துக் காட்டும் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இன்னொரு பக்கம், அந்த போனை வைத்திருப்பவருக்கு அதிகாரமும் இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கும்போது, வெளிநாட்டு அண்ணனின் கணக்குக்குச் சாவி தம்பியின் பையில் இருப்பது சின்ன விஷயமாக இராது. கணவன் வளைகுடாவில், மனைவி மாமியார் வீட்டில் என்ற ஏற்பாட்டில், அந்தச் சிம் யாருடைய போனில் கிடக்கிறது என்பதே வீட்டில் பணம் யார் சொல்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

‘பவர்’ விஷயத்திலும் இதே கதைதான், இன்னும் பழைய உடையில். ஊரில் ஒரு மனையை விற்கவோ வாங்கவோ வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பதிவுச் சட்டப்படி அதை அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் துணைத் தூதர் போன்ற யாராவது ஒருவர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற வேண்டும். காகிதம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் பதிவு செய்யப் போகும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் சான்று கேட்பார்கள். நில மோசடிகள் நடந்த மாநிலத்தில் இந்த எச்சரிக்கை நியாயம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி ஆன்லைனில் இருக்கிறது? ஒரு நாள் சம்பளத்தை விட்டுத் தூதரகம் போவது, கூரியருக்குக் காத்திருப்பது, ஊரில் ஒருவர் பதிவாளர் அலுவலகத்துக்கு நடப்பது, மறுபடியும் உயிர்ச் சான்றுக்கு அலைவது. வில்லங்கத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும் என்பதைக் காட்டி இவையெல்லாம் மறைக்கப்படுகின்றன. பார்ப்பது ஆன்லைனுக்கு வந்துவிட்டது, செய்வது வரவில்லை.

இனி அந்த வாலுக்கு வருவோம்: ஒழுங்கானவருக்குச் சிக்கல் இல்லை என்பதற்கு. ஒழுங்காக இருக்க முதலில் தான் யார் என்று ஒருவருக்குத் தெரிய வேண்டும். நவம்பர் மாதம் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கண்ணில் அவர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போன அன்றே வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுகிறார். அதன்படி அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கண்ணிலோ, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 182 நாளுக்கு மேல் இங்கே இருந்துவிட்டதால், அந்த நிதியாண்டு முழுக்க அவர் உள்நாட்டுக்காரர். ஆதார் சட்டம் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தை எண்ணியது. பாஸ்போர்ட் உள்ள வெளிநாடுவாழ் இந்தியர்கள் 182 நாள் காத்திருக்காமல் ஆதார் பெறலாம் என்று 2019இல்தான் தளர்த்தினார்கள். தேர்தல் சட்டம் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியைப் பார்க்கிறது. 2011 முதல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் வாக்களிக்க வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். ஒரே மனிதர், ஒரே நாளில், ஒரு சட்டத்துக்கு உள்ளூர்க்காரர், இன்னொன்றுக்கு வெளியூர்க்காரர். கணக்கை மாற்றாமல் விட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கச் செலாவணிச் சட்டத்தில் இடமுண்டு. பழைய கணக்கை அப்படியே வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலானவர்களுக்குத் தாம் விதியை மீறிக்கொண்டிருப்பதே தெரியாது. மாற்றினால் ஓடிபி எண், வீட்டுக் கடன் தவணை, எரிவாயு மானியம் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டுமே என்று தெரிந்தே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்பது, குழப்பத்தை உண்டாக்கியவரை விட்டுவிட்டுக் குழம்பியவரை அடிப்பது.

கோப்பு ஒழுங்காக இருந்தும் அடி வாங்கியவர்களுக்கு 2023 ஒரு நல்ல பாடம். பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டும் என்ற விதியிலிருந்து ஆதார் இல்லாத வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு 2017 மே மாதமே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. விலக்கு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்களில் பலருடைய பான், 2023 ஜூலை முதல் தேதி செயலிழந்தது. அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பது வரித்துறையின் பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். கடைசி மூன்று ஆண்டுகளில் ஒன்றிலாவது வெளிநாடுவாழ்பவராகக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் தப்பினார்கள். இந்தியாவில் வரி கட்டும் அளவு வருமானம் இல்லாததால் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இவர்கள் தத்தம் வரி அதிகாரிக்கு ஆவணங்களோடு தெரிவிக்க வேண்டும் என்று அதே ஜூலையில் வரித்துறை விளக்கம் தந்தது. தம் அதிகாரி யார் என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. சட்டம் கொடுத்த விலக்கைப் பதிவேட்டில் இருந்த ஒரு கட்டம் பறித்துக்கொண்டது. பறிகொடுத்தவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எந்தப் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பின்பற்றியிருந்தாலும் இது நடந்திருக்கும்.

பெயர்க் கட்டத்தின் கதை தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாக வாய்த்த சோதனை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து போதும். சாதிப் பெயரை உதிர்த்த ஒரு சமூகம் அதில் பெருமை கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். உலகின் படிவங்களோ இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நிற்கின்றன. முருகன் என்பவர் மதிப்பெண் பட்டியலில் எஸ். முருகன், ஆதாரில் முருகன் எஸ்; பான் படிவம் இனிஷியலை ஏற்காததால் அங்கே அப்பா பெயர் முழுதாக விரிந்து முருகன் சுப்பிரமணியன்; பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது விழுந்தது என்பது விண்ணப்பத்தை நிரப்பிய கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. சிங்கப்பூரில் அவரை மிஸ்டர் சுப்பிரமணியன் என்று கூப்பிடுவார்கள், அது அப்பா. மனைவியின் பெயருக்குப் பின்னால் முருகன், பிள்ளையின் பெயருக்குப் பின்னாலும் முருகன், அவருடைய பெயருக்குப் பின்னால் மட்டும் சுப்பிரமணியன். ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பேர் எப்படி ஒரே குடும்பம் என்று குடிவரவு அதிகாரி கேட்டால், அவர் கேட்பதில் தப்பே இல்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் பதறினார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தச் சில நாட்களில் மாட்டியவர்கள் எதில் கவனக்குறைவாக இருந்தார்கள்? அவர்கள் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றாக இருந்தது.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து இயங்கும் மோசடிக் கும்பல்கள், பிறர் பெயரில் திறக்கும் கணக்குகள், கறுப்புப் பணம் எல்லாம் நிஜம். காணொளி அடையாளத்தை எல்லைக்குள் நிறுத்தியதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். சோதனையே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி, எதைச் சோதிக்கிறோம் என்பது. ஒரு சிம் கையில் இருப்பது, ஒரு சிம் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே நிரூபிக்கும். மேலே சொன்னபடி அந்தச் சிம் தம்பி கையில் இருக்கும்போது அது நிரூபிப்பது பொய்யும்கூட. அடையாளத்தை நிஜமாகச் சோதிக்கும் வழிகளும் விதிப் புத்தகத்திலேயே இருக்கின்றன: வெளிநாட்டில் உள்ளவரின் ஆவணத்தை இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள், நோட்டரிகள், இந்தியத் தூதரகங்கள் சான்றளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வகை செய்திருக்கிறது. இறுக்கமான, நம்பத்தக்க அந்த வழி தபாலில் ஊர்ந்துகொண்டிருக்க, பலவீனமான சிம் மின்னல் வேகத்தில் ஓடுகிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம், சீர்திருத்தங்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன என்பது. வருகின்றன. 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண்ணைக் கொண்டே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யூபிஐ பயன்படுத்தலாம் என்றார்கள். இது செய்ய முடியாத காரியமே அல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. முதல் பட்டியலில் பத்து நாடுகள் இருந்தன. அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் இருந்தன, அமீரகமும் சவுதியும் சிங்கப்பூரும் இருந்தன. குவைத், பஹ்ரைன், மலேசியா இல்லை. தமிழர்களின் பயண வரலாற்றில் மலேசியா விட்டுப்போகும் ஒரு பட்டியலைப் பார்த்து என்ன சொல்வது? அதைவிட முக்கியம், ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றும்போது தன் ஓட்டையை மட்டும் அடைக்கிறது. யூபிஐ ஏற்றுக்கொண்ட அதே எண்ணுக்கு ஆதார் குறுஞ்செய்தி வராது. ஒட்டுப் போட்ட துணியில் ஒட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டி அதைப் புதுத்துணி என்று விற்க முடியாது.

மூன்றாவது, பலரும் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருப்பது: சம்பாதிக்கப் போனவர்கள்தானே, டாலரில் வாங்கும்போது கொஞ்சம் அலையட்டுமே. 2023–24க்கான ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு இவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும். இந்தியாவுக்கு வந்த பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், அமீரகத்தின் பங்கு 19.2. அமெரிக்காவில் உள்ள மென்பொருள்காரர்களுக்கு வழக்கறிஞரும் கணக்காளரும் வைத்துக்கொள்ள வசதி இருக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு தேறாதவர் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்று இதே அரசு வைத்திருக்கிறது. அவர் ஏமாற்றப்படக்கூடியவர், பாதுகாக்கப்பட வேண்டியவர் என்பது அந்த விதியின் தர்க்கம். விமானம் ஏறும்வரை பாதுகாப்புத் தேவைப்படும் ஒருவர், இறங்கிய மறுநாள் முதல் ஆங்கிலப் படிவங்களையும் மூன்று விதமான கணக்கு வகைகளையும் தனியே சமாளிக்க வல்லவராகிவிடுகிறார் என்று எப்படி நம்புவது? ரியாத்தில் கட்டட வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பும் ஆள் ஓடிபிக்காக ஊருக்குப் போன் போடும்போது இங்கே இரவு பதினொரு மணி.

“அப்படியானால் இரண்டு படகில் கால் வைக்காதே, போன நாட்டோடு ஒட்டிக்கொள்; அங்கேதான் எல்லாம் சிஸ்டமாக நடக்கிறதே” என்றும் ஒரு யோசனை வரும். சிங்கப்பூரின் சிங்பாஸ் 2003இலிருந்து இருக்கிறது. ஒற்றை அடையாளத்தில் எல்லா அரசுச் சேவையும் பெறும் அதன் நேர்த்தி பொறாமைப்பட வைப்பதுதான். ஆனால் அந்த நேர்த்தி பெர்மிட் உயிரோடு இருக்கும்வரை. வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக முப்பது நாள் குறுகிய கால அனுமதி, அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை. வளைகுடாவில் வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, போன் இணைப்பு எல்லாமே இகாமா எனும் குடியிருப்பு அட்டையிலோ அந்நாட்டு அடையாள அட்டையிலோ தொங்குகின்றன. அட்டை முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது. முப்பது வருடம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் தற்காலிக மனிதராகவே அவர் கிழவராகிறார். ஒட்டிக்கொள்ள அந்த நாடு இடம் தராது. இரட்டைக் குடியுரிமையை நம் அரசியல் சட்டம் ஏற்காது. அவர் இரண்டு படகில் கால் வைக்கவில்லை, படகுகள் அவர் காலடியில் அப்படி விடப்பட்டிருக்கின்றன. அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் இது தொடர்கிறது: ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். கைக்குழந்தை நடக்கத் தொடங்குமுன் அதற்கும் ஒரு கடைசித் தேதி வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு துறையோ மாபெரும் செலவோ தேவையில்லை. 1996இலேயே வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கென்று தனித் துறை தொடங்கிய கேரளம், சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையை நோர்க்கா என்ற அந்தத் துறை வழியாகச் செய்கிறது. தமிழ்நாட்டிலும் இன்று அயலகத் தமிழர் நலத்துக்கென்று துறையும் வாரியமும் இருக்கின்றன. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். மேடைக்கும் மாலைக்கும் நடுவில் பெயர்க் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாம், ‘எஸ். முருகனும் முருகன் சுப்பிரமணியனும் ஒருவரே’ என்பதற்கு மாநில அரசே ஒரு சான்று கொடுக்கலாம், அதைத் தூதரகங்கள் ஏற்கும்படி செய்யலாம். டெல்லி செய்ய வேண்டியது இன்னும் எளிது. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு இந்தியரின் முகவரியும் குடியிருப்பு அனுமதியும் புகைப்படமும் அப்போது தூதரகத்தின் கணினியில் ஏறுகின்றன. அவர் யார், எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்ற மூன்றுக்கும் அதைவிடச் சான்று வேண்டுமா? பெரியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் பத்து வருடம். ஆபத்துக் குறைந்த வாடிக்கையாளரின் விவரங்களை வங்கி புதுப்பிக்கக் கேட்கும் காலமும் பத்து வருடம். முதலாவதைத் தூதரகம் முடித்துக் கொடுத்த அதே வாரத்தில், இரண்டாவதற்காக வங்கி அந்த ஆளை ஊருக்கு வரச் சொல்கிறது.